புள்ளிக்குப் பிறகு ஐந்தாவது எண்

உட்கார்ந்த இடத்தில் ஆடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் தொடையை ஆட்ட ஆரம்பித்தால் எழுந்து நின்றுகொண்டே வருவேன். பேனாவைச் சொடுக்குகிறவர், மோதிரத்தைச் சுழற்றுகிறவர், நகம் கடிக்கிறவர், எல்லோரும் எனக்கு ஒரே ரகம். இருபத்தாறு வருடமாக நான் பார்க்கும் வேலை அப்படி.

மருந்துகளைச் சோதிக்கும் கூடம் ஒன்றில் எடை பார்க்கிறேன். மாத்திரையைப் பொடித்து, அதில் ஒரு துளி எடுத்துத் தராசில் வைத்து, வருகிற எண்ணை எழுத வேண்டும். இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். என் மாமியாரும் அப்படித்தான் கேட்டார். எங்கள் தராசு ஒரு கிராமைப் புள்ளிக்குப் பிறகு ஐந்து எண் வரை காட்டும். கண்ணிமை முடி ஒன்று விழுந்தால் அதற்குத் தெரியும். பக்கத்தில் நின்று யாராவது தும்மினால் அடுத்த ஒரு நிமிடத்துக்கு அது சமாதானம் ஆகாது. அதனால் அதைக் கண்ணாடிக் கூண்டுக்குள் அடைத்து, கருங்கல் மேசை மேல் வைத்து, அந்த மேசையின் தூண்களை அறையின் தரையைத் தொடாமல் தனி அஸ்திவாரத்தில் இறக்கியிருக்கிறார்கள். அலுவலகத்தில் எனக்கும் கருங்கல் என்றுதான் பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். எனக்குத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியாது. உள்ளூர எனக்குப் பெருமைதான்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் என் அறைக்கு ஒரு பெண்ணை அனுப்பினார்கள். ஆறு மாதம் தகுதி பார்த்து வேலையை உறுதி செய்வது எங்கள் வழக்கம். அவள் எடை பார்க்க வேண்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சரிபார்க்கிறவருக்கு உயரமான ஸ்டூல். என் கால் தரைக்கு எட்டவில்லை. தச்சரைக் கூப்பிட்டு ஒரு கால்பலகை செய்யச் சொல்லி வைத்துக்கொண்டேன்.

முதல் நாளே பார்த்துவிட்டேன். எண் நிலைக்கு வராமல் கீழும் மேலுமாகப் போகும்போது அந்தப் பெண் இடுப்பிலிருந்து முன்னும் பின்னுமாக ஆடினாள். மெதுவாக, ஒரே சீராக. யாரோ பின்னாலிருந்து தள்ளிவிடுகிற மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தோளில் கை வைத்து அழுத்தினேன்.

"இங்க ஆடக் கூடாதும்மா. இது பேலன்ஸ் ரூம்."

"ஆடினேனா மேடம்?" என்று திடுக்கிட்டாள். "தெரியாம வந்துடுது. சின்ன வயசுலேர்ந்தே இருக்கு. பயமா இருந்தா வந்துடும். ஸாரி மேடம்."

"எண்ணைப் பாத்து என்ன பயம்? அது உன்னைக் கடிச்சிடுமா?"

அன்று முழுக்க அவள் ஆடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று தடவை பொடியைக் கொட்டினாள், எட்டை மூன்று என்று எழுதினாள், அடிக்கடி எழுந்து வெளியே போனாள். மறுநாள் தன்னை மறந்து ஆடினாள், ஒரு துளி சிந்தவில்லை. உடம்பு ஆடும், மணிக்கட்டு மட்டும் மேசையோடு கட்டிப்போட்ட மாதிரி அசையாமல் நிற்கும். இப்படி ஒரு கை இந்த அறைக்கு வந்து பல வருடம் ஆயிற்று. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரு வாரத்துக்குள் அலுவலகம் அவளுக்கு ஊஞ்சல் என்று பெயர் வைத்துவிட்டது.

அவள் வந்த மாதமே தகராறு தொடங்கியது. எங்களிடம் ஒரு எடைக்கல் உண்டு, அதன் எடை எப்போதும் மாறக் கூடாது. அரைமணிக்கு ஒருமுறை அதைத் தராசில் வைத்துப் பார்த்துக் குறிப்போம். அது குதிக்க ஆரம்பித்தது. ஐந்தாவது எண் தாவும், சில நாள் நான்காவதும் சேர்ந்து தாவும். அப்படியானால் அந்த நேரத்தில் எடுத்த எடை அத்தனையும் குப்பைக்குப் போக வேண்டியதுதான். மறுபடி பொடி, மறுபடி எடை. மேலாளர் முதலில் தராசு மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் ஒரு பிற்பகல் வந்து, கருங்கல் மேசையில் ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்து, அதில் வெளிச்சம் படும்படி ஒரு டார்ச்சைச் சாய்த்து வைத்தார். தண்ணீரில் பட்ட வெளிச்சம் கூரையில் ஒரு வட்டமாகப் போய் ஒட்டிக்கொண்டது. மேசை துளி அதிர்ந்தாலும் கூரையில் வட்டம் நடுங்கும் என்றார். ஒரு மணி நேரம் பார்த்தோம். வட்டம் அசையவே இல்லை.

"மெஷின் தங்கம் சார். ஆள் யாராவது ஆடுறாங்களான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடிக்கு அப்பால் கை கழுவிக்கொண்டிருந்த ஊஞ்சலைப் பார்த்தேன். அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஆடச் சொல்லி, வட்டத்தைப் பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை. எங்கள் இருவருக்கும் அது தோன்றவில்லை. ஆடுகிறவள் கண்முன்னே இருக்கும்போது யார் மெனக்கெடுவார்கள்? இருபத்தாறு வருடமாக எதையும் ஒன்றுக்கு மூன்று தடவை எடை போட்ட நான், அவளை ஒரு தடவைகூடப் போடவில்லை.

அறிக்கை எழுதிக் கொடுத்தேன். நான்கே வரி. கவனம் உண்டு, கைத்திறன் உண்டு, உடல் கட்டுப்பாடு இல்லை, எடை அறைக்குத் தகுதியில்லை. அவளை எடுத்தது இந்த அறைக்காகத்தான். தகுதியில்லை என்றால் வேலையே இல்லை. அவளுக்கும் அது தெரியும். முறைக்காக ஒன்று செய்யலாம் என்றார் மேலாளர். புதன் முதல் வெள்ளி வரை அவளைக் கோப்புப் பிரிவில் உட்காரவைப்போம், நீங்கள் எடைக்கல்லை மட்டும் தராசில் வைத்துவிட்டு உங்கள் இடத்தில் விலகி உட்காருங்கள், தராசு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே எண்ணை அச்சடிக்கட்டும், அவள் இல்லாதபோது எண் குதிக்காமல் நின்றால் நம் தரப்பு சுத்தம், வெள்ளி பன்னிரண்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன்.

புதன்கிழமை ஊஞ்சல் இல்லை. பதினொரு மணிக்கு எண் குதித்தது.

லிஃப்ட்டாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை. பழைய பதிவேட்டைப் புரட்டினேன். ஐந்து மாதக் குறிப்பிலும் குதித்த இடங்கள் எல்லாம் பதினொன்றுக்கும் பதினொன்றரைக்கும் நடுவில். மெக்கானிக் வந்தது பிற்பகல் மூன்று மணிக்கு. கையெழுத்துப் போட்ட எனக்கு இத்தனை நாள் இது ஏன் கண்ணில் படவில்லை என்று கேட்காதீர்கள். படவில்லை.

வியாழக்கிழமை மெக்கானிக் செய்தது போலவே கிண்ணமும் டார்ச்சும் வைத்தேன். கதவைச் சாத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். பத்தே முக்காலுக்குக் கூரையில் வட்டம் ஒட்டவைத்த காகிதம் மாதிரி இருந்தது. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வழக்கம் போல் கண்ணாடிச் சன்னல் பக்கம் திரும்பினேன்.

இந்த வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எடை அறைக்குள் போன் கொண்டுவரக் கூடாது. சன்னலுக்கு வெளியே சுவரில் ஒரு மரத்தட்டு, அதில் எல்லோரும் போனை நிறுத்தி வைப்போம். என் இடத்திலிருந்து பார்த்தால் என் போனின் முகம் தெரியும். தினமும் பதினொன்றை ஒட்டி அதில் ஒரு மிஸ்டு கால் வரும். அது என் கணவர். எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டே விழுந்தார். வலது கையும் பேச்சும் போய்விட்டன. சொல்வதெல்லாம் புரியும், பதிலுக்கு ஒரு முனகல்தான் வரும். மூன்று மாதம் ஒரு நர்ஸம்மாவை வைத்திருந்தேன். தன்னைக் குழந்தை மாதிரி ஊட்டிவிடுவது அவருக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் கதவைத் தாழிட்டுக்கொண்டு திறக்கவே இல்லை, நர்ஸம்மா அழுதுகொண்டே போய்விட்டார். நாத்தனார் வந்து இருக்கிறேன் என்றார், அதற்கும் இவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். ஆகவே நாங்கள் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். காலையில் எல்லாம் செய்துவைத்துவிட்டு நான் வருவேன். பதினொரு மணிக்கு அவர் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை தனியாகப் போய்த் திரும்ப வேண்டும். நாள் முழுவதிலும் அதுதான் ஆபத்தான இருபதடி. படுக்கைக்கு வந்து சேர்ந்ததும் இடது கையால் ஒரு மிஸ்டு கால். வந்துவிட்டால் விழவில்லை என்று அர்த்தம்.

அலுவலகத்தில் ஒருவருக்கும் இது தெரியாது. நான் சொல்லவில்லை. பாவம் என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதைச் சொல்கிறவர்கள் முகத்தை ஒரு பக்கமாகச் சாய்ப்பார்கள். அந்தச் சாய்ந்த முகத்தை என்னால் பார்க்க முடியாது.

அன்று பதினொன்று நாலுக்கும் போன் ஒளிரவில்லை. சன்னல் கண்ணாடியில் ஏதோ மினுங்கியது. போனோ என்று பார்த்தால் போன் இல்லை, கூரையின் பிரதிபலிப்பு. நிமிர்ந்து பார்த்தேன். வெளிச்ச வட்டம் நடுங்கிக்கொண்டிருந்தது. அறையில் யார் என்று சுற்றும் முற்றும் பார்த்தேன். யாருமில்லை. பிறகுதான் குனிந்தேன். கால்பலகை மேல் என் வலது குதிகால் தையல் மிஷின் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தியின் காலைப் பார்ப்பது போலப் பார்த்தேன். பலகையின் மறுமுனை கருங்கல் மேசையின் தூணில் போய்ச் சாய்ந்திருந்தது. நானே கேட்டு வாங்கிய பலகை.

போன் ஒளிர்ந்து அணைந்தது. கால் தானாக நின்றது. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அவ்வளவு வெட்கம் நான் வாழ்க்கையில் பட்டதில்லை.

நேராக மேலாளர் அறைக்குப் போனேன்.

"சார், அந்த ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுங்க. ஆடினது அவ இல்ல. நான்."

அவர் சிரித்தார். "நீங்க ஆடினா இந்தக் கட்டடமே ஆடும் மேடம்."

கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தேன். ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து காலைப் பார்த்தேன். கால் பரம சாதுவாகப் பலகையில் படுத்திருந்தது. ஆடித் தொலையேன் சனியனே என்று மனசுக்குள் திட்டினேன். அது அசையவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பொறுக்க முடியாமல் நானே குதிகாலால் பலகையை மிதித்தேன். வட்டம் துள்ளியது.

"பாத்தீங்களா!"

"வேணும்னு மிதிச்சா ஆடத்தான் செய்யும். நான் மிதிச்சாலும் ஆடும்" என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். "அந்தப் பொண்ணை அனுப்ப உங்களுக்கு மனசு வரலை. புரியுது மேடம். அதுக்காக நீங்க உங்க மேல பழியைப் போட்டுக்க வேண்டாம்."

"நாளைக்குப் பதினொரு மணிக்கு வாங்க சார். ஒரே ஒரு தடவை. அவளையும் கூட்டிட்டு வாங்க."

"பன்னெண்டு மணிக்கு நான் பேப்பரை அனுப்பியாகணும்."

"அனுப்புங்க. பதினொண்ணுக்கு வந்துட்டு அனுப்புங்க."

வெள்ளிக்கிழமை பத்து ஐம்பதுக்கு இருவரும் வந்தார்கள். ஊஞ்சலுக்கு விஷயம் என்னவென்று மேலாளர் வழியில் சொல்லியிருந்தார் போல. அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, உட்கார்ந்ததுமே ஆட ஆரம்பித்தாள். முன்னும் பின்னும், முன்னும் பின்னும். மேலாளர் அவளைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். வட்டம் அசையாமல் இருந்தது. அவர் புருவம் சற்றே ஏறியது. ஆனாலும், "தராசு பக்கத்துல உட்கார்ந்தா வட்டம் ஆடலாம் இல்லையா?" என்று கேட்டார். மனிதர் லேசில் விடுகிற ஆள் இல்லை.

பதினொன்று ஆயிற்று. பதினொன்று ஐந்து. நான் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் என்னைப் பார்ப்பது போல அடக்கமாக இருந்தது. ஐம்பத்து நான்கு வயதில், என் கால் ஆட வேண்டுமே என்று நான் வேண்டிக்கொண்டது அன்றுதான். பதினொன்று எட்டு. மேலாளர் செருமினார்.

"மேடம்" என்றாள் ஊஞ்சல். ஆட்டத்தை நிறுத்தாமலே சொன்னாள். "காலைப் பாக்காதீங்க. பாத்தா வராது. போனைப் பாருங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனைப் பற்றி இவளுக்கு எப்படித் தெரியும்?

"எந்த போன்?" என்றார் மேலாளர்.

சொல்ல வேண்டியதாயிற்று. எட்டு மாதமாகப் பூட்டி வைத்திருந்ததை, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ஒரு எடைக் குறிப்பை வாசிக்கும் குரலில் சொன்னேன். விழுந்தது, பேச்சு போனது, நர்ஸம்மா, நடைச்சட்டம், இருபதடி, மிஸ்டு கால். குரல் உடையவில்லை, அதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது. கருங்கல் இன்னும் கருங்கல்தான் என்று நினைத்தேன். பதினொன்று பதினைந்துக்கும் அழைப்பு வரவில்லை. "சில நாள் லேட் ஆகும் சார். குளியலறை ஈரமா இருந்தா மெதுவாத்தான் வருவார். ஈரத்தைத் துடைச்சிட்டுத்தான் வந்தேன். துடைச்சேன்னுதான் நினைக்கிறேன்" என்றேன்.

பதில் வராததால் திரும்பிப் பார்த்தேன். மேலாளர் அண்ணாந்து நின்றார். கூரையில் வட்டம் வட்டமாகவே இல்லை. கிழிந்து, சேர்ந்து, கிழிந்து, சுவர் வரைக்கும் சிதறி நடுங்கிக்கொண்டிருந்தது. நான் அத்தனை நிதானமாகப் பேசியபோதெல்லாம் அது அப்படித்தான் இருந்திருக்கிறது.

தராசு ஒரு துண்டுச் சீட்டை அச்சடித்துத் துப்பியது. மேலாளர் அதைக் கிழித்துப் பார்த்தார். நான்காவது எண்ணே மாறியிருந்தது.

பதினொன்று இருபத்திரண்டுக்குப் போன் ஒளிர்ந்தது. இரண்டு நொடி. அணைந்தது. கூரையில் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து மறுபடி வட்டமாகி நின்றது.

மேலாளர் குனிந்து கால்பலகையைத் தூணிலிருந்து நகர்த்தி வைத்தார். அவரே செய்தார், ஆளைக் கூப்பிடவில்லை. "வேற ரிப்போர்ட் எழுதிக் கொடுங்க மேடம். பன்னெண்டுக்குள்ள" என்றார். கதவு வரை போய்த் திரும்பி, "இதை நீங்க முன்னாடியே" என்று ஆரம்பித்தார், முடிக்காமல் போய்விட்டார். முகத்தைச் சாய்க்கவில்லை. அதற்காக அவருக்கு நன்றி.

நானும் அவளும் தனியாக இருந்தோம். மன்னிப்பு கேட்க வேண்டும், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அதிகாரம் செய்து பழகிய வாய், கேள்விதான் வந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாவது நாளே தெரியும் மேடம். நானே ஆடுற ஆளு, பக்கத்துல ஆடினா தெரியாதா? பதினொண்ணு ஆனா உங்க கால் ஆரம்பிக்கும். போன் மின்னினா நின்னுடும். வீட்ல யாருக்கோ முடியலைன்னு புரிஞ்சுது."

"அஞ்சு மாசமா தெரிஞ்சும் வாயைத் திறக்கலையேம்மா! உன் வேலை போயிருக்குமே. நான் எழுதின ரிப்போர்ட்டால!"

"நான் சொன்னா யாரு நம்புவாங்க? ஊஞ்சல் போயி கருங்கல் ஆடுதுன்னு சொல்றதா?" லேசாகச் சிரித்தாள். அந்தப் பெயர் அவளுக்கும் தெரிந்திருந்தது. பிறகு சிரிப்பை விட்டுவிட்டாள். "இல்ல, அது மட்டும் இல்ல. இன்னிக்குக் கடைசி நாள், எப்படியும் சொல்லிடணும்னுதான் காலையில கிளம்பினேன். எனக்கும் வேலை வேணுமே. ஆனா அதுக்கு முன்னாடி ஒவ்வொரு நாளும் சொல்லலாம்னு வாயெடுப்பேன், விட்டுடுவேன். நீங்க ஆடாதேன்னு சொன்னீங்களே, முதல் நாள், அன்னிக்கு நாலு தடவை பாத்ரூம்ல போயி ஆடிட்டு ஆடிட்டு வந்தேன். அப்படியும் மூச்சு முட்டிச்சு. சொன்னா நீங்களும் நிறுத்தப் பாப்பீங்க. நிறுத்திட்டீங்கன்னா, அந்த போன் வர்ற வரைக்கும் என்ன பண்ணுவீங்கன்னு தோணிச்சு."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. அவர் விழுந்த அன்று ஆம்புலன்ஸில் வராதது, நர்ஸம்மா போன அன்று வராதது, மொத்தமாக அன்று வந்தது. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு அசிங்கமாக, சத்தமாக அழுதேன். அவள் எழுந்து வந்து தட்டிக்கொடுக்கவில்லை, அழாதீங்க என்று சொல்லவும் இல்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எப்போதும் போல ஆடிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், நானும் அவளோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தேன்.